எண்ணினால்தான் காப்பாற்ற முடியும்

வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸ் பற்றி தாய்லாந்து 17 ஆண்டுகளில் கற்ற பாடம் என்ன? அதில் நமக்கு என்ன இருக்கிறது?

2002-இல் தாய்லாந்து தன் மக்கள் அனைவரையும் மருத்துவக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. அரசு மருத்துவமனையில் 30 பாட் கட்டினால் போதும். காய்ச்சலானாலும் அறுவை சிகிச்சையானாலும் அவ்வளவுதான். உலகமே பாராட்டிய அந்தத் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு அதில் டயாலிசிஸ் இல்லை. அரசு ஊழியருக்கு உண்டு. சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் சந்தா கட்டும் தனியார் தொழிலாளிக்கும் உண்டு. நெல் வயலில் வேலை பார்ப்பவருக்கும் தெருவோரம் கடை போட்டிருப்பவருக்கும் இல்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவர்கள்தான். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து டயாலிசிஸ் மெஷினில் ஏறினார்கள். பணம் தீர்ந்ததும் சிகிச்சை நின்றது. சிகிச்சை நின்றதும் உயிர் போனது.

நோயாளிகள் அமைப்புகள் குரல் கொடுத்தன. பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். அவர்களின் வழக்கமான அளவுகோலில் டயாலிசிஸ் தேறவில்லை: செலவிடும் பணத்துக்குக் கிடைக்கும் ஆயுள் குறைவு என்றே விடை வந்தது. ஆனாலும் அரசு கைவிடவில்லை. ஒருவரின் சிறுநீரகம் கெட்டதற்காக ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வரக் கூடாது என்ற நியாயம் அந்தக் கணக்கை வென்றது. 2008 ஜனவரியில் டயாலிசிஸ் இலவசமானது. அந்தக் காப்பீட்டுத் திட்டத்தைக் கட்டி எழுப்பிய மருத்துவர் சங்குவான் நித்தயாரும்போங் புற்றுநோயால் இறந்ததும் அதே மாதத்தில்தான்.

சலுகையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. முதலில் வயிற்றுவழி டயாலிசிஸ், அதாவது பெரிடோனியல் டயாலிசிஸ். மருத்துவக் காரணம் இல்லாமல் மெஷினில் செய்யும் ரத்த டயாலிசிஸ்தான் வேண்டும் என்பவர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். 'பி.டி. ஃபர்ஸ்ட்' என்று உலகம் அறிந்த கொள்கை இது. மெஷின்களும் சிறுநீரக மருத்துவர்களும் பாங்காக்கைச் சுற்றியே குவிந்திருந்த ஒரு நாட்டில், கிராமத்துக்கு எட்டக்கூடிய வழி அது ஒன்றுதான் என்று அரசு முடிவு செய்தது.

வயிறே வடிகட்டி

நம் வயிற்றின் உட்சுவரையும் குடலையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குப் பெரிடோனியம் என்று பெயர். விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட நம் தோலின் பரப்பளவு வரும். அதனுள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. வயிற்றில் ஒரு சிறு குழாயை நிரந்தரமாகப் பொருத்தி, அதன் வழியே சர்க்கரை கலந்த 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டால், ரத்தத்தில் தேங்கிய யூரியாவும் கிரியேட்டினினும் உறையைக் கடந்து திரவத்துக்கு வரும். திரவத்தின் சர்க்கரை, உடலில் மிஞ்சிய நீரை இழுத்துக்கொள்ளும். நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுப் பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு வழக்கமாக நான்கு பை. தூங்கும்போது தானாகவே மாற்றிவிடும் சிறு கருவியும் உண்டு.

ரத்த டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் மெஷினோடு இருக்க வேண்டும். போய்வரும் நேரம் தனி. இதில் நோயாளி தன் வீட்டிலேயே இருக்கிறார். வேலைக்குப் போகலாம், பள்ளிக்கூடம் போகலாம். சாப்பாட்டில் கட்டுப்பாடும் சற்றுத் தளர்வு. ஆனால் விடுமுறை கிடையாது. தீபாவளியன்றும் பை மாற்ற வேண்டும். கை கழுவுவதில் ஒரு நாள் அசிரத்தையாக இருந்தால் கிருமி நேராக வயிற்றுக்குள் போகும்.

இந்த யோசனை பழையது. ஜெர்மானிய மருத்துவர் கெயோர்க் காண்டர் 1923-லேயே முயன்று பார்த்தார். 1968-இல் ஹென்றி டென்காஃப் வடிவமைத்த குழாய், வயிற்றில் நெடுங்காலம் தங்கக்கூடியதாக இருந்தது. 1970-களின் நடுவில் டெக்சாஸில் ராபர்ட் பாப்போவிச்சும் ஜாக் மான்கிரீஃபும், திரவத்தை நாள் முழுதும் வயிற்றிலேயே தங்கவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் மருத்துவமனைகளில் 'சி.ஏ.பி.டி.' என்று சொல்வது அதைத்தான். டொரண்டோவில் டிமிட்ரியஸ் ஒரியோபோலஸ் கண்ணாடிப் புட்டிகளுக்குப் பதில் பிளாஸ்டிக் பையைப் புகுத்தினார். இத்தாலியின் உம்பெர்ட்டோ புவோன்கிரிஸ்டியானி, பையை மாட்டியதும் இணைப்பைக் கழுவி வெளியேற்றிவிட்டுப் பிறகே உள்ளே நிரப்பும் ஒய் வடிவக் குழாயைத் தந்தார். ஆண்டுக்குச் சில முறை தாக்கிக்கொண்டிருந்த வயிற்றுத் தொற்று அதன்பின் வெகுவாகக் குறைந்தது. இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் அதிக உயிர்களைக் காத்த கண்டுபிடிப்புகளில் ஒன்று, அந்தச் சாதாரணக் குழாய்.

தபால் வண்டியில் வந்த உயிர்

நாளுக்கு நான்கு பை என்றால் மாதத்துக்கு 120 பை. 240 லிட்டர் திரவம். ஒரு கிராமத்து வீட்டுக்கு இதை மாதாமாதம் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? தாய்லாந்து தன் அஞ்சல் துறையிடம் அந்த வேலையைக் கொடுத்தது. அரசே மொத்தமாகத் திரவத்தைக் கொள்முதல் செய்தது. மொத்தமாக வாங்கியதால் விலையைப் பேச முடிந்தது. அட்டைப் பெட்டிகள் அஞ்சல் வண்டியில் நோயாளியின் வாசலுக்கே வந்தன.

மாகாண மருத்துவமனைகளில் இதற்கென நர்ஸ்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். சிறுநீரக மருத்துவர் இல்லாத ஊர்களில் குழாய் பொருத்த மற்ற மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். நர்ஸ்கள் வீட்டுக்கு வந்து கை கழுவும் இடத்தையும் பை மாற்றும் மூலையையும் பார்த்துச் சரிசெய்தார்கள். தாய்லாந்தில் ஊருக்கு ஊர் இருக்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுகாதாரத் தன்னார்வலர்களும் கை கொடுத்தார்கள். முன்பு சாவைத் தவிர வேறு வழியில்லாத பல்லாயிரம் பேர் இந்த ஏற்பாட்டால் பிழைத்தார்கள்.

எல்லாம் சீராக நடக்கவில்லை. முதல் சில ஆண்டுகளில் இறப்பு கணிசமாக இருந்தது. நோய் முற்றிய பிறகு வந்தவர்கள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், சத்துக்குறைவால் ரத்தப் புரதம் தாழ்ந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். இவையெல்லாம் தெரிந்ததற்குக் காரணம், எந்த மையத்தில் யார் எப்போது தொடங்கினார், எப்போது தொற்று வந்தது, எப்போது இறந்தார் என்று பதிந்து வைத்ததுதான். எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால்தானே அடைக்க முடியும்?

எது சிறந்தது என்ற கேள்வி

'மெஷின் நல்லதா, பை நல்லதா?' நோயாளி வீட்டார் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி இது. இதற்கு நேரடி விடை தேடி நெதர்லாந்தில் ஒரு முயற்சி நடந்தது. குலுக்கல் முறையில் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடத் திட்டம். தகுதியுள்ள 773 பேரிடம் கேட்டார்கள். 735 பேர் மறுத்துவிட்டார்கள்; சம்மதித்தவர் 38 பேர் மட்டுமே. இரண்டு வழிகளையும் விளக்கிச் சொன்னதும் ஒவ்வொருவருக்கும் தன் வாழ்க்கைக்கு எது பொருந்தும் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. குலுக்கலுக்கு விட யாருக்கும் மனமில்லை. ஆய்வு தோற்றாலும் அது ஒரு பாடத்தைச் சொன்னது: சரியாக எடுத்துச் சொன்னால் நோயாளிக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியும்.

குலுக்கல் இல்லாத இடத்தில் தேசியப் பதிவேடுகளே சாட்சி. அமெரிக்காவில் 1996 முதல் 2004 வரை டயாலிசிஸ் தொடங்கிய சுமார் 6,84,000 பேரின் கணக்கை ராஜ்னிஷ் மெஹ்ரோத்ராவும் சக ஆய்வாளர்களும் அலசி 2011-இல் வெளியிட்டார்கள். தொடக்க ஆண்டுகளில் வயிற்றுவழி சிகிச்சை சற்றுப் பின்தங்கியிருந்தது. 2002 முதல் தொடங்கியவர்களிடம் அந்த இடைவெளி மறைந்தே போனது. வயது, நோய்களுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால், ரத்த டயாலிசிஸில் பாதிப் பேர் 38.4 மாதங்களைத் தாண்டினார்கள், வயிற்றுவழியில் 36.6 மாதங்களை. ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் முறையே 35, 33 சதவீதம்.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. இரு வழிகளுக்கும் இடையே வேறுபாடு சொற்பம். இரண்டிலுமே மரணம் மிக அதிகம்; மூன்றில் இருவர் ஐந்தாண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். சிறுநீரகச் செயலிழப்பைப் பல புற்றுநோய்களுக்கு இணையான பயத்தோடு பார்க்க வேண்டும் என்பதை நம் வீடுகளில் இன்னும் பலர் உணரவில்லை.

இப்படிப்பட்ட ஒப்பீட்டில் ஒரு கண்ணியும் உண்டு. வயிற்றுவழி யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் இளையவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் பெரும்பாலும் இதயம் பலவீனமானவர், மெஷினுக்கு ரத்தக் குழாய் கிடைக்காதவர், வேறு வழியற்ற முதியவர் ஆகியோரிடம் அது போய்ச் சேர்கிறது. கடைசி வழியாக வந்தவர்கள் சீக்கிரம் இறந்தால் பழி பையின் மேல் விழுகிறது.

ஆயுளைத் தீர்மானிப்பவை

அப்படியானால் ஆயுளைத் தீர்மானிப்பது எது? பல காலம் மருத்துவர்கள், கழிவை எவ்வளவு அதிகம் வெளியேற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்று நம்பினார்கள். மெக்சிகோவில் 965 நோயாளிகளை வைத்து நடந்த 'அடெமெக்ஸ்' ஆய்வு 2002-இல் அந்த நம்பிக்கையை உடைத்தது. திரவத்தைக் கூட்டிக் கழிவை அதிகம் இறக்கியவர்கள், வழக்கம்போல் செய்துகொண்டவர்களைவிட அதிகக் காலம் வாழவில்லை.

கனடா, அமெரிக்க நோயாளிகளின் தரவை மறுபடி ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. நோயாளியின் சொந்தச் சிறுநீரகத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச நஞ்ச வேலைதான் உயிர்க்கவசம். நாளுக்குக் கூடுதலாக 250 மில்லி சிறுநீர் போகிறவருக்கு மரண அபாயம் 36 சதவீதம் குறைவு. 'டயாலிசிஸ்தான் ஆரம்பித்தாச்சே, இனி என்ன' என்று வலி மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது. மிச்சமிருக்கும் அந்தத் துளிகளைக் காக்கத் தனி அக்கறை வேண்டும். வயிற்றுவழி முறையில் அந்த மிச்சம் மெஷினைவிடச் சற்று அதிகக் காலம் நீடிக்கிறது.

அடுத்தது தொற்று. வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் ஆபத்து. வயிற்று உறையில் வரும் இந்தத் தொற்றுக்குப் பெரிடோனைட்டிஸ் என்று பெயர். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4 தடவைக்கு மேல் அது வரக் கூடாது என்கிறது 2022-இன் சர்வதேச வழிகாட்டி. ஏழு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில் அமெரிக்கா 0.26, ஜப்பான் 0.27, கனடா 0.29, ஆஸ்திரேலியா-நியூசிலாந்து 0.35, பிரிட்டன் 0.38, தாய்லாந்து 0.40 என்று பதிவாயின. வளம் குறைந்த தாய்லாந்து, பிரிட்டனுக்கு வெகு அருகில் நிற்பதைக் கவனியுங்கள். வெயில் சுடும் கிராமம், கிணற்றுத் தண்ணீர், ஓலைக்கூரை, இதெல்லாம் இருந்தால் பை சிகிச்சை சரிப்படாது என்று நம் ஊரில் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்று அந்த எண் கேட்கிறது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இன்னும் கூர்மையானது. அங்கு ஒவ்வொரு டயாலிசிஸ் மையத்தின் முடிவும் தேசியப் பதிவேட்டுக்குப் போகிறது. ஒரே நாடு, ஒரே திரவம், ஒரே குழாய். ஆனால் மையத்துக்கு மையம் தொற்று விகிதம் பல மடங்கு வேறுபட்டது. அது வெளியே தெரிந்ததும் மருத்துவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்கவில்லை. 2010-ஐ ஒட்டி ஒரு பொது அழைப்பு விடுத்தார்கள். பயிற்சியைச் சீராக்கினார்கள், மருந்து விதிகளை ஒன்றாக்கினார்கள். அடுத்த பத்தாண்டில் நாட்டின் தொற்று விகிதம் ஏறத்தாழ பாதியாக இறங்கியது. புது மருந்து எதுவும் அதற்குக் காரணம் இல்லை. எண்ணியதும், எண்ணியதை வெளியிட்டதும்தான் காரணம்.

ஹாங்காங் 1985 முதலே வயிற்றுவழியை முதல் வழியாக வைத்திருக்கிறது. நிற்க இடமில்லாத சின்னஞ்சிறு அடுக்குமாடி வீடுகளில், டயாலிசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் தாங்களே பை மாற்றிக்கொள்கிறார்கள். உலக அளவில் வயிற்றுவழியில் இருப்போர் சுமார் 11 சதவீதம் மட்டுமே. பிரான்சில் தானே செய்துகொள்ள முடியாத முதியவர்களின் வீட்டுக்கு நர்ஸை அனுப்பி, அதற்கு அரசுக் காப்பீடு பணம் தருகிறது. கை நடுங்குவதாலோ கண் மங்குவதாலோ ஒருவருக்கு இந்த வழி அடைபட வேண்டியதில்லை என்பதற்கு அது நடைமுறைச் சான்று.

எவ்வளவு வளமான நாடும் திரவத்துக்கு ஒரே ஆலையை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அந்நாட்டின் டயாலிசிஸ் திரவத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. திரவத்தைப் பங்கீட்டு முறையில் கொடுக்க வேண்டியதாயிற்று. புதிதாக இந்தச் சிகிச்சையைத் தொடங்குவது பல இடங்களில் தள்ளிப்போனது.

திறந்த கதவும் திரும்பிய நாடும்

தாய்லாந்துக்குத் திரும்புவோம். நோயாளியைக் கட்டாயப்படுத்துவது நியாயமா என்ற கேள்வி அங்கே ஓயவேயில்லை. 2022 பிப்ரவரி 1 முதல் அரசு அந்த நிபந்தனையை நீக்கியது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இலவசம் என்றது.

கேட்கையில் முற்றிலும் நியாயமான முடிவு. நடந்தது வேறு. புது நோயாளிகள் ரத்த டயாலிசிஸ் மையங்களை நோக்கித் திரண்டார்கள், தனியார் மையங்கள் பெருகின, செலவு எகிறியது. மெஷினில் ஏறுவதற்கு முன் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைக்க வேண்டும். அதற்கு அறுவை சிகிச்சை நிபுணர்கள் வேண்டும், பல வாரங்கள் காத்திருக்கவும் வேண்டும். அதுவரை கழுத்திலோ தொடையிலோ செருகும் தற்காலிகக் குழாய்தான் துணை. அது நேராக ரத்தத்துக்குள் தொற்றைக் கொண்டுபோகும் வாசல். ரத்த டயாலிசிஸ் தொடங்கியவர்களிடையே முதல் மாதங்களில் இறப்பு கூடியிருப்பதைத் தேசியத் தரவு காட்டியது. கோவிட் அலைகளும் அதே காலத்தில் வந்ததால் எல்லாப் பழியையும் கொள்கை மாற்றத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் புது நோயாளிகளுக்கு மீண்டும் வயிற்றுவழியே முதல் வழி ஆனது. ஏற்கெனவே மெஷினில் இருப்பவர்கள் அப்படியே தொடரலாம்.

இதை வைத்து 'நோயாளிக்குத் தேர்வு கூடாது' என்று சொல்வது தவறான பாடம். நெதர்லாந்தின் அந்த 735 பேரை நினைத்துப் பாருங்கள். தேர்வு நோயாளியின் உரிமை. ஆனால் தேர்வுக்கு முன் தயாரிப்பு வேண்டும். சிறுநீரகம் முற்றாக நிற்பதற்குப் பல மாதங்கள் முன்பே இரண்டு வழிகளையும் விளக்கியிருக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அதற்கான குழாயும் பயிற்சியும் ஆளும் காத்திருக்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டு அறையைக் கட்டாமல் விட்டதுதான் அங்கே நடந்த பிழை. அதை மூன்றே ஆண்டில் கண்டுபிடித்து அரசு திரும்ப முடிந்ததே, அதுதான் நாம் பொறாமைப்பட வேண்டிய விஷயம். மரணங்களை எண்ணிக்கொண்டிருந்ததால் அது சாத்தியமாயிற்று.

நம் கணக்கு எங்கே?

இந்தியாவில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்பின் கடைசிக் கட்டத்துக்கு வருகிறார்கள் என்றும், அதனால் கூடுதலாக 3.4 கோடி முறை டயாலிசிஸ் தேவைப்படுகிறது என்றும் 2016-17 பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி சொன்னார். மாவட்ட மருத்துவமனைகளில் தேசிய டயாலிசிஸ் திட்டம் அப்படித்தான் பிறந்தது. அது ரத்த டயாலிசிஸ் திட்டம். வயிற்றுவழியைச் சேர்ப்பதற்கான வழிகாட்டி 2019-இல் வந்தது. இன்றும் நம் நோயாளிகளில் மிகச் சிறு பங்கினரே பையில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல அடித்தளம் போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு சி.ஏ.பி.டி. பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்ப்பதும் ஓர் அங்கம். தாய்லாந்தின் தபால்காரர் செய்ததை இங்கே சுகாதாரப் பணியாளர் செய்கிறார். வீடு தேடிப் போகும் ஆள் இருக்கிறார், மாத்திரை வழங்கும் பழக்கம் இருக்கிறது, கிராமம் வரை நீளும் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. இவை எல்லாம் இருந்தும் இந்த வழி பரவலாகவில்லை. பல நோயாளிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதற்கெனப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சொற்பம். மெஷின் வாங்கிப் போட்ட மருத்துவமனை, மெஷினைத்தான் நிரப்பப் பார்க்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கணக்கு இல்லாதது. இந்தியச் சிறுநீரகவியல் சங்கம் 2005-இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. 50,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் அதில் சேர்ந்தது. நோய்க்கு முதல் காரணம் சர்க்கரை, ஆறில் ஒருவருக்குக் காரணமே தெரியவில்லை என்பன போன்ற பெரிய உண்மைகள் அதிலிருந்து கிடைத்தன. ஆனால் அது மருத்துவமனைகள் விருப்பப்பட்டு அனுப்பிய விவரம். அரசுச் செய்திக்குறிப்புகளில் வருவது, இத்தனை பேருக்கு இத்தனை முறை டயாலிசிஸ் என்ற எண்ணிக்கை. அவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே நமக்குத் தெரிய வேண்டிய எண்.

தொற்று வந்தால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதிலும் நாம் பின்தங்கியிருக்கிறோம். கிருமி அடையாளம் தெரியாமல் போகும் தொற்றுகள் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். இந்திய மையங்கள் பலவற்றில் இது அதைவிட மிக அதிகம். எந்த மையத்தில் சோதனைக்கூடம் சரியில்லை, எங்கே பயிற்சி போதவில்லை என்பதை மையவாரியான கணக்கு ஒன்றே காட்டும்.

கேட்பது பெரிதொன்றுமில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு டயாலிசிஸ் மையமும், அது மெஷினானாலும் பையானாலும், ஆண்டுக்கு ஒரு முறை நான்கு எண்களை வெளியிட வேண்டும்: எத்தனை பேர் தொடங்கினார்கள், ஓராண்டு முடிவில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை தொற்று வந்தது, எத்தனை பேர் சிகிச்சையை நிறுத்தினார்கள், ஏன். இதைக் கட்டாயமாக்க ஓர் அரசாணை போதும். வீடு வீடாகப் போய்ப் பை கொடுக்கும் மாநிலத்தால், கொடுத்தவர் நலமாக இருக்கிறாரா என்று ஒரு வரி எழுதிவைக்கவும் முடியும். தமிழ்நாடு இதைத் தொடங்கினால் மற்ற மாநிலங்களுக்கும் அது முன்மாதிரியாகும்.

டாக்டரிடம் கேளுங்கள்

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரும் என்று சொல்லப்பட்டிருக்கிறதா? தொடங்குவதற்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

• என் உடல்நிலைக்கு இரண்டு வழிகளும் பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்? மாற்று சிறுநீரக அறுவைக்கு நான் தகுதியானவரா?

• வயிற்றுவழி செய்தால் எனக்கும் வீட்டாருக்கும் யார், எத்தனை நாள் பயிற்சி தருவார்கள்? நர்ஸ் வீட்டுக்கு வருவாரா?

• இந்த மையத்தில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு வயிற்றுத் தொற்று வந்தது?

• வடியும் நீர் நள்ளிரவில் கலங்கினால் யாரைக் கூப்பிடுவது?

• பைகள் அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வருமா? பை வரத் தாமதமானால் என்ன செய்வது?

• எனக்கு மிச்சமிருக்கும் சிறுநீரைக் காக்க எந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்?

பதில் சொல்லத் தெரிந்த மையம் நல்ல மையம். தெரியவில்லை என்று சொல்லும் மையத்தில் கேட்பவர் கூடிக்கொண்டே போனால், அதுவும் ஒரு நாள் எண்ணத் தொடங்கும்.